சிமெண்ட் மூட்டைகளோடு ஒரு குடித்தனம்

வீடு கட்டுகிற மனையிலேயே ஷெட் போட்டுக் குடியேறுகிறவர்களைப் பார்த்தால், வாடகை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று ஊர் சொல்லும். அதில் பொய்யில்லை. 1987-ல் மதுரை ஒத்தக்கடைப் பக்கம் நாங்கள் வேலை ஆரம்பித்தபோது, கடனுக்குத் தவணையும் கட்டி வாடகையும் கொடுக்க எங்கள் இரண்டு சம்பளமும் சேர்ந்தாலும் காணாது. ஆனால் வாடகை பாதிக் காரணம்தான். மனையில் ஆள் இல்லாவிட்டால் கம்பி போகும், சிமெண்ட் போகும், சென்ட்ரிங் பலகை யார் வீட்டு அடுப்புக்கோ போகும். எல்லாவற்றையும்விடக் கட்டடத்துக்குத் தண்ணீர் விட ஆள் வேண்டும். காலையும் மாலையும், ஞாயிறும் தீபாவளியும், காய்ச்சல் அடித்தாலும். இந்த வேலைக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அவர் விட்டேன் என்பார், சுவரைத் தொட்டுப் பார்த்தால் சுடும். சம்பளமில்லாத ஆளாக நான் இருந்தேன்.

வீட்டுக்காரர் போக்குவரத்துக் கழக அலுவலகத்தில் வேலை. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகன், என் மாமியார் என்று நாலு பேர். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அவர் என் சொந்த அத்தையும்கூட.

ஆவணி 6-ம் தேதி வாஸ்து நாளில் பூமி பூஜை. வருடத்தில் எட்டு நாள் மட்டும் வாஸ்து புருஷன் விழிப்பாராம். அதுவும் மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம். அதற்குள் பல் துலக்கி, குளித்து, பூஜை செய்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுவிட்டு மறுபடி படுத்துவிடுவார். சாப்பாடும் வெற்றிலையுமான கடைசி முப்பத்தாறு நிமிடத்தில் கல் வைப்பதுதான் விசேஷம். "இவ்வளவு தூங்குகிறவரை நம்பியா அத்தை கடன் வாங்கியிருக்கிறோம்?" என்று கேட்டேன். அத்தை என்னை முறைத்த முறைப்பில் அன்றைய பூஜைக்கு அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. "ஆறு மாசத்துல சாவியக் கையில குடுத்துர்றேன் டீச்சரம்மா" என்று மேஸ்திரி தேங்காய்மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். பூமி பூஜையன்று சொல்கிற பேச்சு அது. அதை எழுதி வாங்குகிறவர் யாரும் கிடையாது.

ஷெட் என்றால் செங்கலைக் களிமண் வைத்து அடுக்கிய நாலு சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பூச்சு கிடையாது, பின்னால் எடுத்துக் காம்பவுண்டு சுவருக்குப் போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு. நீளவாட்டில் ஒரே அறை. அதன் நடுவில் சிமெண்ட் மூட்டைகள். தரையில் செங்கல், அதன்மேல் பலகை, பலகைமேல் மூட்டை. சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பத்து வரிசை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்கினார்கள். சுவரைத் தொட்டால் ஈரம் இழுக்கும், அதிகம் அடுக்கினால் அடி மூட்டை இறுகிவிடும். அந்த அடுக்குத்தான் எங்கள் வீட்டின் நடுச்சுவர். இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் படுக்கை.

சிமெண்ட் அப்போது இன்றைக்குப் போலக் கடையில் போய்ச் சொன்னதும் கிடைக்கிற சரக்கு இல்லை. அரசாங்கக் கட்டுப்பாடு 1982-ல் பாதி தளர்ந்திருந்தது, முழுக்க நீங்கியது 1989-ல்தான். கிடைக்கும்போது வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும், வாங்கிப் போட்டதை மூன்று மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும், இல்லாவிட்டால் வீரியம் போகும். எல்லாம் சணல் சாக்கு. தைத்த வாய் வழியாகவும் இழை வழியாகவும் மெல்லிசாகத் தூள் கசிந்துகொண்டே இருக்கும். தயிர்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். பையனின் ஸ்லேட்டில் எழுதும் முன்னமே ஒரு பூச்சு. கொடியில் கிடந்த சேலையை உதறிக் கட்டினாலும் இடுப்பில் அரிக்கும். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனால் பிள்ளைகள் என் கொண்டையைப் பார்த்து, "டீச்சருக்கு நரைச்சிருச்சு" என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கக்கூஸ் கட்டி முடித்த பிறகுதான் ஷெட்டுக்கு வருவேன் என்றேன். வீட்டுக்காரருக்கு அது வீண் பிடிவாதமாகத் தெரிந்தது. செப்டிக் டாங்க் எல்லாம் கடைசி வேலை, இப்போதே தோண்டினால் லாரி வந்து திரும்ப இடமிருக்காது என்று மேஸ்திரியும் சேர்ந்துகொண்டார். அந்தப் பக்கத்து ஆண்கள் கண்மாய்க்கரையில் சீமைக்கருவேல மறைவுக்குப் போய்வந்தார்கள். அது யோசிக்காமல் அவர்களுக்குக் கிடைத்த வசதி. பெண்கள் விடிவதற்கு முன்னால் ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை என்று உடம்பை அடக்கிப் பழக வேண்டும். தளம் போடுகிற விஷயத்திலோ கம்பி கனத்திலோ என்னை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை. இதில் அத்தை என் பக்கம் வந்துவிட்டார். எங்கள் மனையில் முதலில் எழும்பிய கட்டடம் அதுதான். லாரிக்காரர்கள் ஒவ்வொரு லோடுக்கும் அதைத் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள். குளிக்க மட்டும் நாலு பக்கமும் தென்னந்தட்டி. காற்றடித்தால் ஒரு கையால் தட்டியைப் பிடித்துக்கொண்டே மறு கையால் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

பக்கத்து மனையில் வெளிநாட்டில் இருந்த ஒருவருக்குப் பெரிய வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு வாட்ச்மேன் ஒருவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். மானாமதுரைப் பக்கத்துக் குடும்பம். அந்த அக்காவுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்தே குடித்தனம் சிமெண்ட் ஷெட்டில்தான். ஒரு வீடு முடிந்தால் அடுத்த மனைக்குப் போய்விடுவார்கள். "மூத்தவ டாக்டர் வீட்டுல பொறந்தா டீச்சர், சின்னவன் பேங்க்காரர் வீட்டுல" என்றார் ஒருநாள். நான் முதலில் ஏதோ உறவினர் வீடு என்று நினைத்தேன். டாக்டர் வீடு என்றால் டாக்டர் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் ஷெட். பிள்ளைகளின் வயதை வருடத்தால் சொல்ல அவருக்கு வராது, எந்த வீட்டுக்கு எந்த மட்டத்தில் வேலை நடந்தது என்று சொல்லுவார். சின்னவன் பிறந்தபோது பேங்க்காரர் வீட்டுக்கு லிண்டல் மட்டம்.

ஷெட்டில் குடியிருக்க எனக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான். செங்கலைத் தூக்குமுன் காலால் ஒரு தட்டு தட்ட வேண்டும், தேள் இருந்தால் வெளியே வரும். கட்டில் கால் நாலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்க வேண்டும், எறும்பு ஏறாது. அரிசிப் பானையைத் தரையில் வைக்காமல் உறி கட்டித் தொங்கவிட வேண்டும். கொடியைச் சிமெண்டுக்கு எதிர்ப்பக்கம் கட்ட வேண்டும். காலண்டர் மாட்ட நான் ஆணி அடிக்கப் போனபோது மட்டும் சுத்தியலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "ஷெட்டுல ஆணி அடிக்காதீங்க டீச்சர். அப்பறம் ஒண்ணொண்ணா மாட்டத் தோணும்." நாங்கள் இருந்தவரைக்கும் அந்தக் காலண்டர் மூட்டைமேல்தான் சாய்ந்து நின்றது. மூட்டை குறையக் குறைய அதுவும் கீழே இறங்கி வந்தது.

இனி தண்ணீர். சிமெண்ட் காய்ந்து இறுகுகிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பேன். அது தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிற பொருள். முதல் வாரத்தில் வெயில் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் சுவர் சீக்கிரமே வெளுத்துப் பார்க்க அழகாக இருக்கும், உள்ளே பலம் இருக்காது. மேஸ்திரி இதை இரண்டே வரியில் முடித்துவிட்டார். "சொவத்துக்கு ரெண்டு நேரம் தண்ணி காட்டணும் டீச்சரம்மா. மாட்டுக்குக் காட்டுறாப்புல." நான் விடிகாலை ஒருமுறை, பள்ளி விட்டு வந்து ஒருமுறை குடத்தோடு நின்றேன். நடுவில் வெயில் உச்சிக்கு ஏறும்போது அத்தை சொம்பால் விசிறுவார். தூண்களுக்குக் காலிச் சாக்கைச் சுற்றி அதை நனைத்துவிட்டால் கொஞ்ச நேரம் தாங்கும். செங்கலையும் முந்தின நாளே தொட்டியில் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் கலவையில் இருக்கிற தண்ணீரை அது குடித்துவிடும். ஒருநாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று யாரும் கேட்டதில்லை, என் தோள்பட்டைக்குத் தெரியும்.

அதுவும் 1987-ல். நாடு முழுக்கத் தென்மேற்குப் பருவமழை பொய்த்த வருடம் அது. எங்கள் மேலூர்ப் பக்கத்துக்கு உயிர் கொடுப்பது மேற்கு மலையைத் தாண்டித் திருப்பிவிடப்படும் பெரியாற்றுத் தண்ணீர். அங்கே மழை குறைந்தால் இங்கே கண்மாய் காயும், கண்மாய் காய்ந்தால் அடிபம்பு இருமும். எங்கள் பம்பில் பத்து அடி அடித்தால் ஒரு குவளை தேறும். அப்புறம் மாட்டுவண்டியில் டிரம் தண்ணீர் வாங்கினோம். வீட்டுக்காரர் அதைச் செலவு நோட்டில் 'இதர' என்ற தலைப்பில் எழுதினார். கம்பி, சிமெண்ட், செங்கல், மணல், ஜல்லி எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம் இருந்தது. தண்ணீருக்குத் தனிப் பக்கம் போடுங்கள் என்றேன். போட்டார், ஆனால் குடம் தூக்கியவளுக்கு அதில் பத்தி இல்லை. டிரம் தண்ணீரில் முதலில் சமையலுக்கு எடுத்து வைத்துவிட்டு, அடுத்தது சுவருக்கு, மிச்சம் இருந்தால் குளியல். அரிசி கழுவிய தண்ணீரைச் சுவரில் ஊற்றலாமா என்று மேஸ்திரியிடம் நிஜமாகவே கேட்டேன். கூடாது என்று சிரித்தார்.

ஐப்பசியில் மழை வந்தது. சுவருக்கு நல்லது, சிமெண்டுக்கு விஷம். ஷீட் ஓட்டை எல்லாம் அன்றைக்குத்தான் தெரியவந்தது. எங்களிடம் இருந்த ஒரே தார்ப்பாயை மூட்டைகள்மேல் போர்த்தினோம். நாங்கள் நாலு பேரும் ஒரு மூலையில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பையனுக்கு அது ஒரே குஷி. அத்தை மட்டும், "மனுசன் நனையுறான், மூட்டைக்குப் போர்வை" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சொன்ன மாதிரி சிமெண்ட் நனையவில்லை. எங்களுக்கு ஒவ்வொருவராகச் சளி பிடித்தது.

தீபாவளியை ஷெட்டில் கொண்டாடினோம், சொல்ல ஒன்றுமில்லை. கார்த்திகையில் நிலை வைத்தது சொல்ல வேண்டியது. நவதானியமும் துளித் தங்கமும் அடியில் போட்டு, மஞ்சள் துணி கட்டி நிலையை நிறுத்தினார்கள். நிலைதான் முதலில் நிற்கும், பிறகுதான் அஸ்திவாரத்துக்கு மேலே அதை அணைத்துச் சுவர் எழும்பும். ஆகவே சில நாட்கள் வெட்டவெளியில் ஒரு வாசல் மட்டும் தனியாக நின்றது. மேஸ்திரி, சித்தாள்கள், ஆடு எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போக, அத்தை ஒருத்தர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து நிலை வழியாகத்தான் உள்ளே போவார். உள்ளே என்று ஒன்று இல்லை. வெளியே வரும்போதும் அதே வழிதான். பையனும் பாட்டி பின்னாலேயே போவான்.

மார்கழி பிறந்துவிட்டால் கூரை போடக்கூடாது என்பது அத்தையின் சட்டம். ஆரம்பித்த வேலைக்கு மார்கழி ஏது என்பது மேஸ்திரியின் சட்டம். சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டும் வேலை ஓடிக்கொண்டிருந்தது, எந்தச் சட்டம் ஜெயிக்கும் என்று தெரியாமல். டிசம்பர் 24, வியாழக்கிழமை விடிகாலை எம்.ஜி.ஆர். இறந்துபோனார். பெரிய சித்தாள் டிரான்சிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு மணல் குவியலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "எம் புள்ள மத்தியானம் திங்கிற சோறு அந்த மனுசன் போட்டது" என்று ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். 1982-ல் வந்த சத்துணவுத் திட்டம். எங்கள் பள்ளியில் அந்தச் சோற்றுக்காகவே வருகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும், அவருடைய பிள்ளையும் அதில் ஒன்று. 1980-ல் மதுரை மேற்கில் நின்று ஜெயித்தவர் என்பதால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அவர் சினிமாவில் பார்த்த ஆள் மட்டுமில்லை, ஓட்டுப் போட்டு ஜெயிக்கவைத்த ஆள். பஸ் நின்றது, கடைகள் அடைத்தன. மேஸ்திரி மொட்டை போட்டுக்கொண்டார். அதன்பிறகு கூரைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அத்தை சட்டம் ஜெயித்தது, ஆனால் அதைச் சொல்லிக்காட்ட அவருக்கும் மனம் வரவில்லை. எம்.ஜி.ஆருக்காக அவரும் ஒருநாள் அடுப்பு மூட்டவில்லை.

அந்த நாட்களில் வாட்ச்மேன் அக்காவும் நானும் வேலையில்லாத மனையில் உட்கார்ந்து நிறையப் பேசினோம். அவருக்கு எந்த வீட்டின் பால் காய்ச்சலையும் முழுதாகப் பார்த்த ஞாபகம் இல்லை. விருந்துக்குக் கூப்பிடுவார்கள், சேலை எடுத்துக் கொடுப்பார்கள், எல்லாம் நல்லவர்கள்தான் என்றார். ஆனால் பால் காய்ச்சுகிற நாளைக்குள் ஷெட்டைப் பிரித்து வாசலைச் சுத்தம் பண்ணிக் கொடுத்துவிட வேண்டுமே. தண்ணீர் விட்ட ஆட்களில் நான் உள்ளே போகப் போகிறேன், அவர் அடுத்த மனைக்குப் போகப் போகிறார். மற்றபடி எங்கள் இரண்டு பேரின் காலை நேரத்துக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. இதை நான் அப்போது அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆறுதல் மாதிரி ஆகிவிடும், அவர் கேட்டதெல்லாம் மகளைப் பள்ளியில் சேர்க்க முடியுமா என்பதுதான். நடு வருடத்தில் சேர்ப்பதற்குத் தலைமையாசிரியரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. சேர்த்தேன்.

தை பிறந்து, ஷெட் வாசலில் பொங்கல் வைத்து, அந்த வாரத்துக்குப் பின் தளம் போட்டார்கள். தளம் போடும் நாளைப்போல ஒரு நாளை நான் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. ஒன்றுக்கு இரண்டு மணல், நாலு ஜல்லி. தகரத்தில் கொட்டிக் கிளறிக் கலவையாக்கி, சாரத்தில் படிக்குப் படி ஆள் நின்று, சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகும். நடுவில் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் பழைய கலவைக்கும் புதுக் கலவைக்கும் இடையில் விரிசல் ஓடும். அன்றைக்குச் சாப்பாடு வீட்டுக்காரர் பொறுப்பு. நாங்கள் சைவம். சாம்பார், வடை, பாயசம் என்று நான் பட்டியல் சொன்னதும் மேஸ்திரி முகம் போன போக்கைப் பார்த்து, அத்தையே தன் நகையில் கைவைக்கச் சொன்னதுபோல ஒரு பெருமூச்சு விட்டு, "வெளிய அடுப்பு மூட்டி அவுகளே ஆக்கிக்கட்டும்" என்றார். அன்று வாட்ச்மேன் அக்கா ஆக்கிய ஆட்டுக்கறிக் குழம்பு வாசனைக்குக் கண்மாய் வரை நாய்கள் வந்து நின்றன.

மறுநாள் தளத்தின்மேல் களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். மேஸ்திரி கணக்கில் 21 நாள் முட்டுப் பிரிக்கக்கூடாது, பாத்தி வற்றவும் கூடாது. குடத்தை இடுப்பில் வைத்து மரஏணி ஏறப் பழகினேன். ஜனவரி 30-ல், எம்.ஜி.ஆருக்குப் பின் வந்த அவர் மனைவி ஜானகி அம்மாளின் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள் என்ற சேதியை வீட்டுக்காரர் கீழே நின்று சத்தமாகச் சொன்னார். எனக்கு மேலே கிழக்கு மூலைப் பாத்தி உடைந்து ஒழுகிக்கொண்டிருந்ததுதான் பெரிய சேதி. அங்கிருந்து பார்த்தால் ஆனைமலை முழுசாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எழுதினால் பொய்.

பூச்சு, தரை எல்லாம் மற்றவர்களுக்குச் சுவாரசியம் இல்லை. மொட்டைமாடித் தளம் அடித்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன், அந்த வேலையை இப்போது அதிகம் பேர் செய்வதில்லை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, சித்தாள்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தட்டைக் கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை நடுநடுவே தெளிப்பார்கள். அடித்து அடித்துக் கட்டை துள்ளி எழும்புகிற அளவுக்கு இறுகினால்தான் முடிந்தது என்று அர்த்தம். கீழே ஷெட்டில் நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பேன். நடுச்சுவராக இருந்த மூட்டை அடுக்கு அதற்குள் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. அடுப்பிலிருந்து பார்த்தால் படுக்கை தெரிந்தது. கணவன் மனைவி பேச்சுக்கு இருந்த கொஞ்சம் மறைப்பும் போய்விட்டது என்று எனக்குத்தான் சங்கடம்.

வைகாசியில் பால் காய்ச்சினோம். ஆறு மாதம் எந்தக் காலண்டரில் என்று மேஸ்திரியை யாரும் கேட்கவில்லை, அவருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தோம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, தனியாளாகக் கட்டி முடித்துவிட்டீர்கள் என்று சொன்னார்கள். அவரும் வாங்கிக்கொண்டார். பந்தியில் அவருக்குப் பாயசம் ஊற்றும்போது நான் கொஞ்சம் குறைவாக ஊற்றினேன், அவ்வளவுதான்.

ஷெட்டை உடனே பிரிக்கவில்லை. இரண்டு மனை தள்ளி வாங்கியிருந்த தபால் ஆபீஸ்காரர் ஒருவர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை விலைக்குக் கேட்டு மனைவியோடு வந்தார். ஆண்கள் கம்பி விலை பேசப் போனதும் நான் அந்த அம்மாளைத் தனியே கூட்டிக்கொண்டு போய், முதலில் கக்கூஸைக் கட்டச் சொல்லுங்கள், லாரி திரும்ப இடமில்லை என்பார்கள், கேட்காதீர்கள் என்றேன். டிரம் தண்ணீர், சாக்கு, கட்டில் கால் கிண்ணம், தேள் எல்லாம் சொன்னேன். ஆணி விஷயத்தையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவ்வளவு நாள் இருக்க வேண்டியிருக்காது டீச்சர். ஆறு மாசத்துல சாவி குடுத்துர்றேன்னு சொல்லியிருக்காரு" என்றார்.

யார் சொன்னது என்று கேட்டேன். எங்கள் மேஸ்திரிதான்.